சாயக் கழிவுநீரில் பற்றீரியா: போத்தல் அளவில் ஒரு பரிசோதனை

சாயப் பட்டறையின் கழிவுநீரைப் பற்றீரியாவைக் கொண்டு நிறநீக்கம் செய்ய விரும்புவோர், தொட்டி கட்டுவதற்கு முன் 250 மில்லிலீற்றர் போத்தல்களில் முயன்று பார்ப்பது நல்லது.

முதலில் சேறு வேண்டும். சாயநீர் நெடுநாள் ஓடிய வடிகாலின் அடிச்சேற்றில் அச்சாயத்துக்குப் பழகிய பற்றீரியா இருக்கும். பருத்திக்கு இடும் வினைபடு சாயங்களோடு (நாருடன் இரசாயனப் பிணைப்பில் சேரும் சாயங்கள்) உப்பும் சோடாவும் ஏராளமாகச் சேர்வதால், கழிவுநீர் உவர்ப்பாகவும் காரமாகவும் வரும். ஆகவே திருகோணமலையில் இருப்பவர்கள் தம்பலகாமம் குடாவின் கரைச்சேற்றிலும் ஒரு பிடி எடுத்துக் கலப்பது பயன் தரும். உவர்நீரில் வாழ்ந்த பற்றீரியா உப்புக்கு எளிதில் மடங்குவதில்லை.

கழிவுநீரின் பிஎச் பெறுமானத்தை ஐதான அமிலத்தால் 7 முதல் 7.5 வரை இறக்கி, லீற்றருக்கு ஒரு கிராம் சீனியும் ஒரு கிராம் ஈஸ்ட் சாறும் கரைத்து, பத்தில் ஒரு பங்கு சேற்றுக் கரைசலைச் சேர்த்து, போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூடி, அசைக்காமல் வைக்க வேண்டும். 30 முதல் 35 பாகை வரையான வெப்பநிலை போதும் என்பதால், எமது ஊரில் நிழலான மேசையே பெரும்பாலும் போதுமானது. நான் முதன்முறை குலுக்கியில் வைத்து மூன்று நாள் காத்திருந்தேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அசோச் சாயத்தின் (துணிச்சாயங்களில் மிகப் பொதுவான வகை) இரு நைதரசன் அணுக்களுக்கிடையிலான இரட்டைப் பிணைப்பை உடைக்க வேண்டிய இலத்திரன்களை, குலுக்கலில் கரைந்த ஒட்சிசன் முந்திக்கொண்டு வாங்கிவிடுகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு போத்தலில், பற்றீரியா இறக்கும்படி பிரஷர் குக்கரில் அவித்த சேற்றை மட்டும் இட்டு, ஒப்பீட்டுக்காக வையுங்கள். நிறம் போனதும் மாதிரியை மையநீக்கியில் சுழற்றி, குழாயின் அடியில் தங்கும் வண்டலைப் பாருங்கள்: அது சாயத்தின் நிறத்தில் இருந்தால் பற்றீரியா சாயத்தை ஒட்டவைத்திருக்கிறதே தவிர உடைக்கவில்லை, வண்டல் தன் இயல்பான நிறத்திலேயே இருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். மேலே தெளிந்த நீரை நிறமானியில் (நீர் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) அளந்து, தொடக்க உறிஞ்சலோடு ஒப்பிட்டு நிறநீக்க நூற்றுவீதத்தைக் கணியுங்கள். நன்றாக நிறம் நீங்கிய போத்தலிலிருந்து பத்தில் ஒரு பங்கைப் புதிய சாயநீருக்கு மாற்றிக்கொண்டே போனால், திறமையான கூட்டம் தங்கும்.

நீர் தெளிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதே இத்துறையில் நான் அதிகம் காணும் தவறு. பிணைப்பு உடைந்தபின் அரோமற்றிக் அமீன்கள் (காபன் வளையத்தோடு நைதரசன் இணைந்த சேர்வைகள்) எஞ்சும். அவற்றுள் சில மூலச் சாயத்தைவிட நச்சுத்தன்மை கூடியவை. அவற்றைச் சிதைக்கக் காற்று வேண்டும். எனவே அந்நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மீன்தொட்டிக் காற்றுப்பம்பியால் ஓரிரு நாள் காற்றூட்டுங்கள். காற்றுப் பட்டதும் நீர் பழுப்பேறினால், அமீன்கள் சிதையாமல் தாமாகவே ஒட்சியேறிப் புது நிறம் பெறுகின்றன என்று கருதி, காற்றூட்டும் பாத்திரத்திலும் சேற்றைச் சேர்க்க வேண்டும்.

இறுதியாக, நச்சை அறியக் கடையில் வாங்கும் பயறே உதவும். மூன்று தட்டுகளில் இருபது இருபது பயறாகப் பரப்பி, கிணற்று நீர், சுத்திகரித்த நீர், சுத்திகரிக்காத நீர் ஆகியவற்றால் தனித்தனியே நனைத்து, மூன்றாம் நாள் முளைகளை எண்ணி, வேரின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.