கிழங்குத்தண்டிலிருந்து எரித்ரோஃபில்லா பெகோனியா வளர்க்கும் முறை

பூவைவிட இலைக்காகவே வளர்க்கப்படும் பெகோனியாக்களில், புதிதாகத் தொடங்குவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எரித்ரோஃபில்லாதான். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஹைட்ரோகோட்டிலிஃபோலியா, மானிகேட்டா ஆகிய இரண்டு இனங்களைக் கலந்து 1845-இல் ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட இந்தக் கலப்பினத்தை ‘பீஃப்ஸ்டேக் பெகோனியா’ என்றும் அழைப்பார்கள். விதை போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது என்பதால், தண்டையோ இலையையோ நட்டுத்தான் இதைப் பெருக்க வேண்டும்.

இலை ஏறக்குறைய வட்டமானது. தடித்து, மெழுகு பூசியதுபோல் மினுமினுக்கும். மேற்புறம் கரும்பச்சை, புரட்டினால் அடர்சிவப்பு. விளிம்பையும் காம்பையும் உற்று நோக்கினால் மெல்லிய வெண்ணிற முடிகள் தெரியும். குளிர்காலம் முடியும் தறுவாயில், இலைகளுக்கு மேலே நீண்டு எழும் காம்புகளில் இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாகப் பூக்கும்.

முதலில், மண்ணின் மேல் படுத்த வாக்கில் ஊர்ந்து செல்லும் தடித்த தண்டைக் கண்டுகொள்ளுங்கள்; இதுதான் கிழங்குத்தண்டு. உதிர்ந்த இலைகளின் வடுக்கள் நிறைந்த அதன் நுனியிலிருந்து, இரண்டு மூன்று இலைகளோடு ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்திற்குக் கூரிய, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். தண்டை ஒட்டியிருக்கும் காய்ந்த செதில்களை நீக்கிவிடுங்கள். ஈரம் தங்கி அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். வெட்டுவாய் உலரும்வரை சில மணி நேரம் நிழலில் வைத்திருங்கள்.

அடுத்து தொட்டி. வேர்கள் ஆழமாக இறங்காமல் மேலாகவே பரவுவதால், ஆழமில்லாத அகலத் தொட்டியே இதற்கு ஏற்றது. அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிற எரிமலைப் பாறைத் துகள்), மட்கிய இலைத்தூள் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புங்கள்.

தண்டைப் படுக்க வைத்து, கீழ்ப்பாதி மட்டும் கலவையில் பதியுமாறு அழுத்துங்கள். பலர் இஞ்சி நடுவதுபோல் முழுவதும் மூடிவிடுகிறார்கள்; அப்படி மூடினால் தண்டு எளிதில் அழுகிவிடும். வளரும் நுனி தொட்டியின் நடுப்பக்கத்தை நோக்கி இருந்தால் ஊர்ந்து செல்ல இடம் கிடைக்கும்.

சில வாரங்களில் வேர் பிடிக்கும். அதுவரை நேரடி வெயில் படாத, ஆனால் வெளிச்சமான சன்னலோரத்தில் வையுங்கள். மேற்பரப்பு காய்ந்ததை விரலால் தொட்டறிந்த பிறகே, இலையில் படாமல் தண்ணீர் ஊற்றுங்கள். இலை நனைந்தே இருந்து காற்றோட்டமும் குறைந்தால் பூஞ்சை நோய் வரும். புதிய இலைகள் விரிந்த பின், திரவ உரத்தைப் பாதியாக நீர்த்து மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும்.

பூனையோ நாயோ வளர்க்கும் வீடுகளில் தொட்டியை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம். பெகோனியாவை மென்றால் அவற்றின் வாயில் எரிச்சல் உண்டாகும், அதிலும் தண்டுப்பகுதிதான் கடுமையானது.