திருகோணமலையில் காணி வாங்குமுன்: உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்று கணக்குப் பார்ப்பது எப்படி

காணியை நினைத்த நாளில் விற்றுக் காசாக்க முடியாது. ஆகவே ஆபத்தைத் தாங்கும் பலத்தை மாதக் கணக்கில் அளப்பதுதான் சரி. காணியிலிருந்து ஒரு சதமும் வராமல், அதை விற்காமலும், எத்தனை மாதம் குடும்பத்தை ஓட்டுவீர்கள்?

படி 1: கையிருப்பு
மாத வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் கூட்டி 12ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகை வேறொரு கணக்கில் தனியாக இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கும் காணாதென்றால் இப்போதைக்கு வாங்கவேண்டாம். "வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்புவார்" என்பதைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள்.

படி 2: வட்டி ஏறினால்
2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வீதத்தை) ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அதே அளவு உங்கள் கடனிலும் ஏறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 30 லட்சம் ரூபாய், 10 வருடம், 12% என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43,000. வட்டி 19% ஆனால் 56,000. அந்த 13,000 எங்கிருந்து வரும் என்று எழுதிவைக்க முடியாவிட்டால் கடனைக் குறையுங்கள். வட்டி நிலையானதா, மாறுவதா, எத்தனை வருடத்துக்கு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

படி 3: சீசன்
உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விட நினைப்பவர்கள் ஒரு நல்ல மாத வருமானத்தை 12ஆல் பெருக்கிவிடுகிறார்கள். உல்லாசப் பயணிகள் கூடுதலாக வருவது மே முதல் செப்டெம்பர் வரை; அதன்பின் வடகீழ்ப் பருவமழையும் கொந்தளிக்கும் கடலும்தான். அந்த ஐந்து மாதமும் நிறையும் என்று எண்ணாமல், மூன்று மாத வருமானத்தை மட்டுமே முழு வருடத்தின் வருமானமாகக் கணக்கிடுங்கள். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. இதை வாங்கிய பிறகு விசாரித்துப் பயனில்லை.

படி 4: உறுதி (காணிப் பத்திரம்)
விலை இறங்கினால் காத்திருக்கலாம். உறுதி பிழைத்தால் காத்திருந்தும் பயனில்லை. எவ்வளவு துணிந்தவரும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடல் செய்விக்கவேண்டும். நன்கொடை, சீதன உறுதியென்றால் கொடுத்தவர் சீவிய உரித்தை (தான் உயிருடன் இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை) வைத்திருக்கிறாரா என்று வாசியுங்கள். அப்படி வைத்திருக்கும் பெற்றோர் ஒப்பமிடாமல் காணி உங்கள் கைக்கு முழுதாக வராது. அற்றோணித் தத்துவத்தில் (உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தில்) வேறொருவர் விற்றால், உரிமையாளர் உயிருடன் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்ததும் அந்தத் தத்துவம் செல்லாது. பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) மலிவாகக் கிடைக்கும், ஆனால் சாதாரண உறுதிக் காணிபோல் அதை விற்கவோ வாங்கவோ முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காட்டை ஒட்டிய காணியென்றால் வனத் திணைக்களத்தின் எல்லையையும் கேளுங்கள்.

பிறகு நில அளவை வரைபடத்துடன் காணிக்குள் நடந்து பாருங்கள். உறுதியில் 20 பேர்ச் என்றிருக்கும்; வேலிக்குள் 18தான் இருக்கும். மீதி இரண்டும் பக்கத்து மதிலுக்குள் போயிருக்கும். அப்படிப் பத்து வருடம் இடையூறின்றி ஆண்டிருந்தால் பக்கத்துக் காணிக்காரர் உரிமை கோரவும் சட்டத்தில் வழியுண்டு. எல்லைக்கல் ஒன்று காணாவிட்டாலும் சேவயரைக் (நில அளவையாளரைக்) கொண்டு மறுபடி அளப்பியுங்கள். காணிக்குப் போகும் பாதை அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: மேலதிகச் செலவு
முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. 40 லட்சக் காணிக்கு 1,59,000 ரூபாய். நொத்தாரிஸ் (உறுதி எழுதும் சட்டத்தரணி) கட்டணமும் சேவயர் கூலியும் வேறு. இவற்றைக் கட்ட படி 1இன் காசில் கைவைக்க நேர்ந்தால், அந்தக் காணி உங்களுக்குப் பெரிது. விலை குறைந்த ஒன்றைத் தேடுங்கள்.

முற்பணம் கேட்டால் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக் கொடுக்காதீர்கள். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிஸ் அத்தாட்சிப்படுத்தாவிட்டால் சட்டத்தில் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.