"பழகிவிட்டது" என்று சொல்லும் இளம் மருத்துவர்கள்: மன அழுத்தத்தைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது மருத்துவத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ முதலாம் ஆண்டு மேற்படிப்பில் இருக்கும் ஒரு மருத்துவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தால், "முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அட்மிஷன் நாளில் காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்து, இரவெல்லாம் விழித்திருந்து, மறுநாள் ரவுண்ட்ஸை முடித்து, புறநோயாளிகளையும் பார்த்துவிட்டு மாலையில் விடுதிக்குத் திரும்புகிறவர் அவர். அவருடைய உழைப்பை நான் சந்தேகிக்கவில்லை. "பழகிவிட்டது" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் சந்தேகிக்கிறேன். களைப்பு கெடுக்கும் திறன்களில் களைப்பை அளக்கும் திறனும் ஒன்று. இந்தத் தொழிலில் மன அழுத்தத்தைக் கையாளும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, என் நிலை எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையிலிருந்தே கிளைக்கின்றன.

பழக்கம் என்ற தவறான கணக்கு

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 48 பேரைப் பிரித்து, சிலரை நாளுக்கு 8 மணி நேரமும், சிலரை 6 மணி நேரமும், சிலரை 4 மணி நேரமும் என 14 நாட்கள் தொடர்ந்து உறங்கச் செய்தார்கள்; இன்னும் சிலரை மூன்று இரவுகள் உறங்கவே விடவில்லை. 6 மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் உறங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு இரவுகள் வரை கண் மூடாதிருந்தவர்களின் நிலைக்கு இறங்கின. ஆனால் எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் தந்த மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. திறன் விழுந்துகொண்டே இருக்க, விழுகிறோம் என்ற உணர்வு மட்டும் நின்றுபோனது. நம் விடுதிகளில் "பழகிவிட்டது" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதையே மதுவோடு ஒப்பிட்டு அளந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்தது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 100 மில்லிகிராமுக்கு நிகரான அளவை எட்டியது. வாகனம் ஓட்டுவதற்கு இந்தியச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். இரவுப் பணி முடிந்த கையோடு இருசக்கர வாகனத்தில் ஏறி ஊர்ப் பக்கம் கிளம்புகிறவர், குடித்துவிட்டு ஓட்டுகிறவரை ஏளனமாகப் பார்ப்பதற்கு இடமில்லை. அன்று பேருந்தில் போகலாம், அல்லது டூட்டி அறையிலேயே சற்று உறங்கிவிட்டுப் போகலாம்.

தன் உணர்வை நம்ப முடியாதபோது, உணர்வைச் சாராத ஏற்பாடுகள் தேவை. கடைசியாகத் தொடர்ந்து உறங்கியது எப்போது, எத்தனை மணி நேரம் என்பதைக் குறித்து வைப்பது முதல் ஏற்பாடு. உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் போன்ற, அளவு தவறினால் ஆபத்தாகும் மருந்துகளை எழுதினால், செவிலியரிடம் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்வது இரண்டாவது. குட்டித் தூக்கம் நல்லதுதான், ஆனால் அது 20 நிமிடத்துக்குள் இருந்தால் எழுந்தவுடன் தலை தெளிவாக இருக்கும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவருக்கு மந்தம் விலகச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் தொலைபேசியில் சொல்லப்படும் மருந்தளவுகளே ஆபத்தானவை. தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை: உடலில் கஃபீனின் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். அதிகாலை நான்கு மணிக்குக் குடித்த இரண்டாவது கோப்பையின் பாதி, ஒன்பது மணிக்குக் கட்டிலில் படுக்கும்போதும் உடலில்தான் இருக்கிறது. இதைச் சரிக்கட்ட, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையைத் தனக்குத் தானே எழுதிக்கொள்வதும், உறக்கம் வர மதுவை நாடுவதும் எங்கே கொண்டு விடும் என்பதை மருத்துவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெரிந்தே செய்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்

"ஸ்ட்ரெஸ்" என்ற சொல் இன்று ஒரு சாக்குப்பையாகிவிட்டது. அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக் கட்டிவிடலாம். 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளில் கண்டறிந்து எழுதியது, எந்த வகைத் தாக்குதலுக்கும் உடல் காட்டும் பொதுவான எதிர்வினையைப் பற்றியது: முதலில் எச்சரிக்கை, பிறகு எதிர்த்து நிற்றல், கடைசியில் தளர்ந்து விழுதல். மாரடைப்பு நோயாளி வந்ததும் அட்ரினலின் ஏறி, கை வேகமெடுத்து, கவனம் கூர்மையாவது முதல் கட்டம். அதில் தவறு ஏதுமில்லை, அது இல்லாமல் கேஷுவாலிட்டியில் வேலை செய்யவும் முடியாது. அந்த நிலையிலிருந்து உடல் இறங்குவதற்கு இடைவெளியே கிடைக்காமல் போவதுதான் சிக்கல்.

அந்த இடைவெளி இல்லாமல் மாதங்கள் கடக்கும்போது வருவது வேறொன்று. நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர்களிடம் தான் கண்டதை வைத்து உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் அதற்கு "பர்ன்அவுட்" என்று பெயரிட்டார், எரிந்து தீர்ந்துபோதல் என்ற பொருளில். 2019இல் ஏற்கப்பட்ட தனது நோய் வகைப்பாட்டில் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்று சேர்க்கவில்லை. பணியிடம் சார்ந்த நிலை என்றே வரையறுத்தது. வற்றிய ஆற்றல், வேலையின் மீது விலகலும் கசப்பும், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். இவற்றில் இரண்டாவதைத்தான் மருத்துவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். "ஏழாம் பெட் லிவர்" என்று நோயாளியைக் குறிப்பிடுவது வார்டின் வழக்கம், வசதி. அதை மட்டும் வைத்து யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே குடிநோயாளி மூன்றாம் முறையாக இரத்த வாந்தியுடன் வரும்போது "இவனுக்கு எதற்கு எண்டோஸ்கோபி" என்று மனம் சொல்வதும், நோயாளியுடன் இருக்கும் உறவினர் ஒரே கேள்வியை மறுபடியும் கேட்கும்போது குரல் தானாக உயர்வதும் குணத்தின் குறைகளாக இல்லாமல் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். அவற்றை நமக்கு முன்பே அறிந்துவிடுபவர் பெரும்பாலும் வார்டின் மூத்த செவிலியர்தான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மனச்சோர்வு நோயை "பர்ன்அவுட்" என்று அழைத்துக்கொள்வது அது. அதிகம் உழைத்ததால் எரிந்துபோனேன் என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, எனக்கு டிப்ரெஷன் என்று சொல்வதில் அந்தக் கௌரவம் இல்லை என்பதாலோ என்னவோ, மருத்துவர்கள் முதல் பெயரையே விரும்புகிறார்கள். நான்கைந்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனால் பணிக்களைப்பு ஓரளவாவது இலகுவாகும். அம்மா சமைத்த மீன் குழம்பும் ருசிக்காமல், பழைய நண்பர்களின் அழைப்பை எடுக்கவும் மனமின்றி, இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துக்கமோ வெறுமையோ குற்ற உணர்வோ விடாமல் இருந்தால் அது நோய், சிகிச்சையால் தீரக்கூடிய நோய். அதுபோலவே உடல் நோய்களும் இந்தச் சாக்குப்பைக்குள் மறைகின்றன. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவமனைப் பணியாளர்களுக்குக் காசநோய் ஆபத்து பொதுமக்களைவிட அதிகம் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களே, தமக்கு எடை குறைந்து மாலையில் காய்ச்சல் அடித்தால் "டூட்டி டென்ஷன்" என்று ஒதுக்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு மரணத்துக்குப் பிந்தைய அரை மணி நேரம்

இரவு இரண்டு மணிக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கில் ஒரு தாய் இறக்கிறார். உறவினர்கள் வெளியே நிற்கிறார்கள், அடுத்த மேசையில் இன்னொரு பெண் வலியில் இருக்கிறார். இதில் நேரும் முதல் தவறு, எதுவுமே நடக்காததுபோல் அடுத்த கேஸ் ஷீட்டை எடுப்பது. அதைச் செய்யச் சொல்வது வழக்கம், சூழ்நிலை, சில நேரம் மூத்தவரின் பார்வை. சிகிச்சையில் நேரும் பிழைக்குப் பின் மருத்துவர் அனுபவிக்கும் நிலையைக் குறிக்க அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000ஆம் ஆண்டில் "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்ற தொடரை அறிமுகப்படுத்தினார். உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களின் தரப்பிலிருந்து அந்தத் தொடருக்குப் பின்னாளில் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனாலும் அது சுட்டிய நிலை உண்மையானது: காட்சி திரும்பத் திரும்ப மனத்தில் ஓடுவது, அதே ஊசியை மறுபடி கையில் எடுக்க நடுங்குவது, உறக்கம் கெடுவது.

இரண்டாவது தவறு நல்ல எண்ணத்தில் செய்யப்படுவது. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் உணர்வைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரே அமர்வில் முடிக்கும் முறை 1980களில் பரவியது. பேசினால் பாரம் குறையும் என்பது நம் அனைவருடைய நம்பிக்கையும்தான். ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு, இப்படிப்பட்ட ஒற்றை அமர்வு பிற்கால மனவடுவைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்றும், அதைக் கட்டாயமாக்குவதை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே செய்யக்கூடியவை எளியவையாகவே இருக்கின்றன. உறவினர்களிடம் மரணச் செய்தியைச் சொல்லும்போது மூத்தவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். முதலாண்டு மாணவரைத் தனியாக அனுப்புவது எந்தப் பயிற்சியும் ஆகாது. பிறகு ஒருவர் அவருடைய வேலையை அரை மணி நேரம் ஏற்றுக்கொள்ள, அவர் முகம் கழுவி எதையாவது சாப்பிட வேண்டும். பேச விரும்பினால் கேட்க ஆள் இருக்க வேண்டும், விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். எது தவறாகப் போனது என்ற விசாரணைக்கு வேறொரு நாள் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்தும் அந்த இரவு அவரை விடவில்லை என்றால் அப்போது உளவியல் உதவி தேவை.

அமைப்பின் குறையைத் தன் குறையாக எண்ணுவது

வாரத்தில் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், வருகைப் பதிவோடு, மன அழுத்த மேலாண்மைக்கான யோகா வகுப்பு வைக்கப்படுவதைவிடக் கசப்பான நகைச்சுவை வேறில்லை. யோகாவின் மீது எனக்குப் புகார் இல்லை, அதனால் பயன் பெறுகிறவர்கள் உண்டு. ஆனால் 1979இல் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் முன்வைத்த விளக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது: வேலைச்சுமை மட்டும் மனிதரை நசுக்குவதில்லை, மிகுந்த சுமையும் அந்த வேலையின் மீது தனக்கு எந்த அதிகாரமும் இல்லாமையும் சேரும்போதுதான் நசுக்குகிறது. லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த ஒயிட்ஹால் ஆய்வில் இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் பெரிய பொறுப்பிலிருந்த உயரதிகாரிகள் அல்ல. கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர்நிலையினரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அதில் புகைப்பழக்கம் போன்றவை ஒரு பகுதியைத்தான் விளக்கின. இரத்த வங்கிக்கு ஓடுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, யாரோ மாற்றிய டூட்டி அட்டவணையை முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்வது என்று கழியும் மேற்படிப்பு மாணவரின் நாளில், மணி நேரங்களுக்கு இணையாக இந்தக் கையறு நிலையும் வலிக்கிறது. அட்டவணையை ஒரு மாதம் முன்னதாக வெளியிடுவதற்கும், பணியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள அனுமதிப்பதற்கும் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி பொதுவாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 1992லேயே மத்திய அரசின் உத்தரவு சொல்லியிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரமே உச்சவரம்பு என்று பரிந்துரைத்தது. இவற்றை அறியாமல், என்னால்தான் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று ஒருவர் தனியாகக் குமைவது தவறு. தனியாகப் போய் முறையிட்டு, பலவீனர் என்ற பெயரை வாங்கிக்கொள்வதும் தவறு. யூனிட்டில் உள்ள அனைவரும் உண்மையில் வேலை செய்த மணி நேரங்களை ஒரு மாதம் எழுதி, அந்தத் தாளோடு சேர்ந்து போனால் பேச்சு வேறு விதமாக அமைகிறது.

நடைபாதையில் கேட்கும் வைத்தியம்

உதவி கேட்கும்போதும் மருத்துவர்கள் ஒரு தவறைச் செய்கிறார்கள்: நோயாளியாகப் போகாமல் மருத்துவராகப் போகிறார்கள். மனநலத் துறையில் இருக்கும் பேட்ச் நண்பரை உணவகத்துக்குப் போகும் வழியில் நிறுத்தி, "எஸ்சிட்டாலோபிராம் 10 ஆரம்பிக்கட்டுமா?" என்று மனச்சோர்வு மருந்தைப் பற்றிக் கேட்டு, அவர் தலையசைத்ததும் மருந்தகத்துக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கேஸ் ஷீட் இல்லை, மறுபரிசோதனைத் தேதி இல்லை. தற்கொலை எண்ணம் வருகிறதா என்ற கேள்வியை நண்பரிடம் கேட்கக் கூச்சப்பட்டு அவரும் விட்டுவிடுகிறார். சொந்தக் கல்லூரியில் முகம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்ற தயக்கம் இயல்பானது. வேறு மருத்துவமனைக்குப் போகலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தைக் காக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

போகும்போது கடந்த இரண்டு வாரங்களில் உறங்கிய மணி நேரங்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் அறைத் தோழரையும் அழைத்துச் செல்லுங்கள். "இவர் மூன்று மாதமாக மெஸ்ஸுக்கே சரியாக வருவதில்லை" என்பது போன்ற தகவல் அவரிடம் இருக்கும், உங்களிடம் இருக்காது. இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால், டூட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த இரவே பக்கத்தில் வேலை செய்பவரிடம் அதைச் சொல்லிவிட்டு வார்டை அவர் கையில் ஒப்படையுங்கள்.