$0, __லைன்__ சொல்றத அப்படியே நம்பாதீங்க

ராத்திரி கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டிவிடுற வசதி) ஒழுங்கா ஓடுற பாஷ் பேக்கப் ஸ்கிரிப்ட், பகல்ல நான் கையால ஓட்டினா மட்டும் கான்ஃபிக் ஃபைல் இல்லன்னு அடம் பிடிக்குது. மூணு கோப்பி-ஓ காலியானப்புறம்தான் புரிஞ்சுச்சு. கிரான்ல முழு பாத் குடுத்திருந்தேன், கையால ஓட்டுறப்ப அந்த ஃபோல்டருக்குள்ளயே போயி 'பாஷ்'னு போட்டு வெறும் ஃபைல் பேர அடிச்சேன், அதனால $0-ல (ஸ்கிரிப்ட்ட எந்தப் பேர்ல கூப்பிட்டோமோ அது) அந்தப் பேர் மட்டும்தான் இருக்கு, டிர்நேம் (பாத்துலேர்ந்து ஃபோல்டர மட்டும் பிரிக்கிற கமாண்ட்) கேட்டா ஒத்தப் புள்ளி, அதாவது 'இப்ப நிக்கிற ஃபோல்டர்'னு வருது, நடுவுல ஸ்கிரிப்ட் டெம்ப் ஃபோல்டருக்கு சிடி பண்ணி மாறிடுது, அப்புறம் புள்ளின்னா டெம்ப்தானே. ஈசூன்ல நின்னு "எதிர்த்த புளோக்"னு வழி கேட்டுட்டு தேக்கால எறங்கி எதிர்த்த புளோக்கத் தேடுன கதைதான்.

பாஷ்ல செய்ய வேண்டியது இதான்: மொத வரியிலயே, வேற எங்கயும் சிடி பண்றதுக்கு முன்னாடி, டிர்நேம் எடுத்து அதுக்குள்ள போயி பிடபிள்யூடி (இப்ப நிக்கிற ஃபோல்டரோட முழு பாத்தச் சொல்ற கமாண்ட்) என்ன சொல்லுதோ அத ஒரு வேரியபிள்ல போட்டு வச்சிடுங்க. $0-க்குப் பதிலா பாஷ்_சோர்ஸ்[0] எடுங்க, ஏன்னா ஸ்கிரிப்ட்ட சோர்ஸ் பண்ணா (தனியா ஓட்டாம, இருக்குற ஷெல்லுக்குள்ளயே ஓட்டினா) $0-ல 'பாஷ்'னு ஷெல் பேர்தான் வரும். (மேக் டெர்மினல்ல பாஷ் இல்ல, இசட்ஷெல்னு வேற ஷெல், அங்க சோர்ஸ் பண்ணா பாஷ்_சோர்ஸ் காலி, அது தனித் தலைவலி லா.) சிம்லிங்க் (வேற ஃபைலக் காட்டுற குறுக்குவழி) வழியா ஓடினா ரெண்டுமே லிங்க்கோட பாத்தத்தான் காட்டும், நிஜ ஃபைல் வேணும்னா ரீட்லிங்க் -எஃப் கமாண்ட் போடுங்க. பிஹெச்பில நேர் தலகீழ், __ஃபைல்__ (கோடு இருக்குற ஃபைலோட பாத்) லிங்க்கத் தாண்டி நிஜ ஃபைலயே சொல்லிடும். பாஷ் ஸ்கிரிப்ட்ட மாத்தி முடிச்சதும் ரூட் ஃபோல்டர்ல நின்னு ஒரு தடவ, லிங்க் வழியா ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. பைதான்ல 3.9-லேர்ந்து மெயின் ஸ்கிரிப்ட்டோட __ஃபைல்__ முழு பாத்தாவே வருது, ஆனா ஜூப்பிட்டர் நோட்புக்ல அப்படி ஒண்ணே கிடையாது, 'அந்தப் பேரே இல்ல'ன்னு நேம்எரர்தான்.

லைன் நம்பர் இதவிட மோசம். ஆபீஸ்ல பழைய பிஹெச்பி லாக்ல எல்லா எரரும் 14-ஆவது வரின்னே இருந்துச்சு, பாத்தா லாக் ஃபங்ஷன்குள்ளயே __லைன்__ (வரி நம்பரத் தர்ற பிஹெச்பி வார்த்தை) போட்டு வச்சிருக்காங்க. அது எழுதுன எடத்தோட நம்பர், கூப்பிட்ட எடத்தோடது இல்ல. டீஃபால்ட் ஆர்கியுமென்ட்டா போட்டுப் பாத்தேன், அப்பவும் ஃபங்ஷன் தலைப்பு வரியத்தான் சொல்லுது. டிபக்_பேக்ட்ரேஸ் (யார் யாரக் கூப்பிட்டாங்கன்னு பட்டியல் தர்ற ஃபங்ஷன்) கூப்பிட்டு மொத என்ட்ரியில இருக்குற 'லைன்' எடுத்ததும் சரியாச்சு. பாஷ் ஃபங்ஷன்ல அதே வேலைக்கு பாஷ்_லைன்நோ[0]. ஈவால்குள்ள (எழுத்தா இருக்குற கோட ஓட்டுற வசதி) போனா பிஹெச்பி மறுபடி 1-லேர்ந்து எண்ண ஆரம்பிக்கும், ஃபைல் பேர் பின்னாடி "ஈவால்டு கோட்"னு ஒரு வாலும் ஒட்டிக்கும், லாக்ல அந்த வாலப் பாத்தா வரி நம்பர ஃபைல்ல போயித் தேடாதீங்க.