கடை வேலையில் சம்பளத்தைக் கேட்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை நம் ஆட்களின் கடையில்தான் கிடைக்கிறது. மளிகைக் கடை, தோசைக் கடை, பெட்ரோல் பங்க். ஓனரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் பெயர் தெரியாத இடத்தில் வேலை கொடுத்தவராயிற்றே என்ற நன்றி வேறு. அதனால் மணிக்கு 15 டாலர் கையில் வைத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

2025 ஜூலை 1 முதல் அங்கே தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத ‘கேஷுவல்’ வேலைக்கு அதற்கு மேல் 25 சதவீதம் சேர வேண்டும்; 31 டாலரைத் தாண்டிவிடும். 21 வயது ஆகாதவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம். மாணவர் விசா என்பதற்காகக் குறைக்க முடியாது.

வாய் திறக்காததற்கு நன்றியைவிடப் பெரிய காரணம் விசா பயம். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஓனரே 60 மணி நேரம் ஷிஃப்ட் போடுவார். சம்பளம் கேட்டால், ‘இமிக்ரேஷனுக்குச் சொல்லவா?’ என்பார். 2015இல் செவன்-லெவன் கடைகளின் ஊதிய மோசடி வெளியே வந்தபோது தெரிந்ததும் இதே பிடிதான். பாதி மணி நேரத்தை மட்டும் கணக்கில் எழுதினார்கள். சில இடங்களில் வங்கியில் போட்ட சம்பளத்தில் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2024 ஜூலையிலிருந்து விசாவைக் காட்டி மிரட்டிச் சுரண்டுவது முதலாளி செய்யும் குற்றம். சுரண்டப்பட்டவரின் விசாவுக்குச் சில நிபந்தனைகளோடு பாதுகாப்பும் உண்டு. ஆனால் 48ஐத் தாண்டியிருந்தால் நேராகப் புகார் கொடுக்க ஓடாதீர்கள். முதலில் இலவசச் சட்ட உதவி மையத்தில் பேசுங்கள். பல பல்கலைக்கழகங்களிலேயே மாணவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது.

அடுத்த தவறு, வெறுங்கையோடு சண்டைக்குப் போவது. வெள்ளிக்கிழமை இரவு, கடை நிறையக் கூட்டம், அப்போது கவுண்டரில் நின்று கத்தினால் ‘பையனுக்கு வாய் நீளம்’ என்ற பேர்தான் மிஞ்சும். ரோஸ்டரை, அதாவது ஷிஃப்ட் அட்டவணையை, படம் எடுத்து வையுங்கள். வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம் மூன்றையும் அன்றன்றே குறியுங்கள். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் தர வேண்டும் என்பது சட்டம். அது வராததும் உங்கள் பக்கத்துக்கு ஒரு சான்றுதான். அப்புறம் நிதானமாக ஒரு மெசேஜ்:

“அண்ணா, ஆகஸ்ட் 4ல இருந்து 17 வரைக்கும் 38 மணி நேரம் வேலை பார்த்திருக்கேன். 26 மணி நேரத்துக்குத்தான் பணம் வந்திருக்கு. மீதி எப்போ போடுவீங்க?”

இவ்வளவு போதும். குத்தல் வேண்டாம், ‘கேஸ் போடுவேன்’ வேண்டாம். அவர் என்ன பதில் போட்டாலும் அது பதிவுதான். ‘நேர்ல பேசலாம்’ என்று கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள். பேசியதை வீட்டுக்கு வந்ததும் அதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

தர வேண்டிய பணம்தானே என்று கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்ளும் புத்திசாலிகளும் உண்டு. அது திருட்டு, நியாயம் முழுவதும் அன்றைக்கே கைமாறிவிடும்.

‘ஏபிஎன் எடுத்துட்டு வா’ என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவருக்கான பதிவு எண். அவர் போட்ட ஷிஃப்டில், அவர் சொன்ன வேலையை, அவர் கடையில் செய்பவர் தொழிலாளிதான். ஒப்பந்தக்காரர் என்று பேர் வைத்தால் குறைந்தபட்ச ஊதியம், சூப்பர் எனும் ஓய்வூதியச் சேமிப்பு எல்லாவற்றையும் தட்டிக்கழிக்கலாம் என்ற கணக்கு அது. ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற தாளில் பணம் வருவதற்கு முன்னால் கையெழுத்துப் போடுவதும் அதே ரகம்.

கடைசியாக, கெடு. சம்பள பாக்கியை ஆறு ஆண்டு வரை கேட்கலாம் என்பதால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சம்பளம் கேட்டதற்காக வேலையை விட்டு எடுத்தால், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் ஒர்க் கமிஷனில் விண்ணப்பிக்க 21 நாள்தான். சம்பள பாக்கிக்கான இடம் வேறு: ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன், எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் முதலில் மொழிபெயர்ப்புச் சேவையின் எண்ணான 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அவர்களே இணைப்பார்கள்.