தூக்கத்துக்குத் தெரபிஸ்ட் தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள் (கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

ஒன்டாரியோவில் "தெரபிஸ்ட்", "கவுன்சிலர்", "ஸ்லீப் கோச்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். சட்டம் தடுப்பதில்லை. "சைக்காலஜிஸ்ட்", "சைக்கோதெரபிஸ்ட்", "சோஷியல் வொர்க்கர்" என்று போட்டுக்கொள்ளத்தான் அந்தந்தத் தொழிலின் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாததால் என் நண்பர் ஒருவருக்கு ஆயிரம் டாலருக்கு மேல் போனது. வந்து ஒரு வருஷம்கூட ஆகாத குடும்பத்துக்கு அது பெரிய பணம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நண்பர் திருச்சிக்காரர். மனைவி, குழந்தையோடு டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறார். இரவு 11 மணிக்குப் படுத்தால் 3 மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார். 6 மணிக்கு அலாரம். தமிழ்க் கடை ஒன்றின் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துப் போன் செய்தார். அந்தப் பக்கம் அன்பான தமிழ்க் குரல். "தம்பி, கவலைப்படாதீங்க" என்ற ஒரு சொல்லிலேயே பாதி பாரம் இறங்கியது என்றார். தனித்தனியாக வந்தால் கட்டணம் அதிகம், பத்து செஷனுக்கு மொத்தமாகக் கட்டினால் குறைவு, இன்ஷூரன்ஸுக்கு ரசீது தருகிறோம் என்றார்கள். கட்டினார்.

ரசீதை நானே பார்த்தேன். கெட்டிக் காகிதம், வண்ண முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. பெயருக்குக் கீழே பதிவு எண் மட்டும் இல்லை. கம்பெனி இன்ஷூரன்ஸ் ஒரே வரியில் மறுத்துவிட்டது: இந்தச் சேவையை வழங்கியவர் எங்கள் பட்டியலில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பேக்கேஜுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று படிவத்தின் பின்பக்கம் போட்டிருப்பதைக் காட்டினார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் தந்தது அங்கே நடந்த "சிகிச்சை". புல்லாங்குழல் இசை, மூச்சுப் பயிற்சி, அப்புறம் ஓர் அறிவுரை: தூக்கம் வராவிட்டாலும் சீக்கிரமே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைவிடத் தப்பான யோசனை இருக்க முடியாது. விழித்தபடி படுக்கையில் கிடக்கும் நேரம் கூடக் கூட, படுக்கையைப் பார்த்தாலே மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடும்.

ஆகவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "நீங்கள் எந்த அமைப்பில் பதிவு செய்தவர், உங்கள் பதிவு எண் என்ன?" இங்கே இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முறையாகத் தொழில் செய்பவர் உடனே சொல்லிவிடுவார். இழுத்தால் போனை வைத்துவிடுங்கள். எண் கிடைத்ததும் அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, நிபந்தனை ஏதும் விதித்திருக்கிறார்களா என்பது அதில் வந்துவிடும். ஒன்டாரியோவில் உளசிகிச்சை என்பது சட்டம் கட்டுப்படுத்தும் மருத்துவச் செயல். சைக்கோதெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், நர்ஸ், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், டாக்டர் ஆகிய ஆறு தொழில்களின் அமைப்புகளில் பதிவானவர்களுக்குத்தான் அனுமதி.

பதிவு இருந்தாலும் இன்ஷூரன்ஸ் புத்தகத்தைப் புரட்டாமல் போகாதீர்கள். சில திட்டங்கள் சைக்காலஜிஸ்டுக்கு மட்டும் பணம் தரும். சில திட்டங்களுக்கு டாக்டர் கடிதம் வேண்டும். பெயருக்குப் பின்னால் "குவாலிஃபையிங்" என்று இருந்தால் அவர் மேற்பார்வையில் பணிபுரியும் புதியவர். நல்ல சிகிச்சையே தரலாம், ஆனால் எல்லா இன்ஷூரன்ஸும் அவர் ரசீதை ஏற்பதில்லை. ஒரு செஷனுக்கு சைக்கோதெரபிஸ்ட் 150 டாலரை ஒட்டி வாங்குவார், சைக்காலஜிஸ்ட் 200-ஐத் தாண்டுவார். மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் இந்தத் தனியார் கட்டணத்தைத் தராது. 2024 ஜூன் முதல் சைக்கோதெரபிக்கு விற்பனை வரி இல்லை, யாராவது சேர்த்துப் போட்டால் கேளுங்கள். கணவரோ மனைவியோ வேலை செய்யும் இடத்தின் திட்டத்தில் நீங்கள் இருந்தால், நீங்கள் போட்ட கிளெயிம் அவர் கணக்கில் தெரியக்கூடும். வீட்டில் சொல்லாமல் போக நினைப்பவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

சரி, அரசாங்கப் படிகள். ஹெல்த் கார்டு எடுங்கள். பழைய மூன்று மாதக் காத்திருப்பை 2020-இல் எடுத்துவிட்டார்கள். ஃபேமிலி டாக்டர் கிடைக்க ஹெல்த் கேர் கனெக்ட் என்ற மாகாணச் சேவையில் பெயர் கொடுங்கள், அதுவரை முன்பதிவு இல்லாமல் போகும் வாக்-இன் கிளினிக். நம் ஊரில் "தூக்கமே இல்ல டாக்டர்" என்றால் போதும், மாத்திரை வந்துவிடும். இங்கே உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வாரத்தில் எத்தனை இரவு, எத்தனை மாதமாக, பகலில் என்ன பாதிப்பு என்று எழுதிக்கொண்டு போங்கள். வாரத்துக்கு மூன்று இரவு வீதம் மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. குறட்டை இருந்தால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்லீப் அப்னியாவாக இருந்தால் தெரபிஸ்டிடம் பேசித் தீராது. டாக்டர் ரெஃபரலோடு போனால் ஸ்லீப் கிளினிக்கில் இரவுப் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் தரும். தூங்கும்போது மூச்சு நிற்காமல் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி தேவைப்பட்டால் மாகாணத்தின் உதவிக் கருவித் திட்டம் நிர்ணயித்த விலையில் 75 சதவீதத்தை ஏற்கும்.

ஊரிலிருந்து அல்ப்ரசோலம் என்ற பதற்ற மாத்திரையை அட்டை அட்டையாகக் கொண்டு வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் போட்டுப் பழகியிருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அவர் வழி செய்வார்.

இரண்டாவது கேள்வி: "நீங்கள் CBT-I (சிபிடி-ஐ) செய்வீர்களா?" எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையைத் தூக்கமின்மைக்கென்றே வடிவமைத்தது அது. பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. பொதுவாக நான்கு முதல் எட்டு செஷனில் முடிந்துவிடும். பதிவு பெற்ற தெரபிஸ்ட் எல்லோரும் இதில் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. "எல்லாம் பார்ப்போம்" என்று சொல்பவரிடம் பத்து மாதம் சிறுவயதுக் கதை பேசிவிட்டு, தூங்காமலே திரும்பி வருவீர்கள்.

நண்பர் இரண்டாவதாகப் போனவர் பதிவு பெற்ற பெண்மணி. வீடியோவில்தான் பார்த்தார், ஆங்கிலத்தில்தான் பேசினார். ஒன்டாரியோவில் எந்த ஊர்த் தெரபிஸ்டையும் இப்படி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால் தமிழ் பேசுபவரைத் தேடவும் வழி உண்டு. ஆனால் பதிவும் பயிற்சியும் முதலில், மொழி அப்புறம். அந்தப் பெண்மணி முதல் வாரம் அறிவுரையே சொல்லவில்லை, தூக்கக் குறிப்பு எழுதச் சொன்னார். நண்பர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் அந்தத் தாள் தொங்கியது: படுத்த நேரம், தூங்கிய நேரம், எத்தனை முறை விழித்தது, எழுந்த நேரம், காபி, போன்.

போன் என்ற கட்டம்தான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. அம்மாவோடு பேச அவர் வைத்திருந்த நேரம் இரவு 11. திருச்சியில் அப்போது காலை எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. தெம்பாக உட்கார்ந்து அம்மா பங்காளித் தகராறு முதல் பத்திரப் பதிவு வரை எல்லாவற்றையும் சொல்வார். போனை வைத்துவிட்டு இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். இப்போது காலை 7 மணிக்குப் பேசுகிறார். அங்கே அது காபி நேரம். பேசிக்கொண்டே வெளியே நடக்கிறார். பேஸ்மென்டில் இருப்பவருக்கு அந்தக் காலை வெளிச்சமும் ஒரு மருந்துதான். உடம்புக்கு நேரம் தெரிவதே அந்த வெளிச்சத்தால்தான்.

சிகிச்சையின் கடினமான பகுதி படுக்கை நேரத்தைக் குறைப்பது. ஏழு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஐந்தரை ஆக்குவார்கள். ஐந்துக்குக் கீழே பொதுவாக விடமாட்டார்கள். 12.30-க்குப் படுத்து 6 மணிக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. நடுவில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். தூக்கம் கூடக் கூட நேரத்தை நீட்டுவார்கள். முதல் வாரங்களில் பகலில் கண் சொக்கும். ஊபர், டிரக் ஓட்டுபவர்களும் இரவு ஷிஃப்ட்காரர்களும், வலிப்பு அல்லது பைபோலார் பிரச்சினை உள்ளவர்களும் முதலிலேயே தெரபிஸ்டிடம் சொல்லியாக வேண்டும். முறையை மாற்றித் தருவார்கள்.

இன்னொன்றையும் அந்தப் பெண்மணி கேட்டார்: ஊரில் எப்படித் தூங்குவீர்கள்? மின்விசிறி சத்தத்தில் என்றார் நண்பர். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவருக்கு இந்த ஊர் இரவின் அமைதி காதை அடைத்தது. ஜனவரிக் குளிரில் சுவரைப் பார்த்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. நானும் வந்த புதிதில் தெரு நாய் குரைக்காதா என்று ஏங்கியவன்.

கையில் பணம் இல்லையா? கவலையோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் மாகாண அரசின் ஒன்டாரியோ ஸ்ட்ரக்சர்டு சைக்கோதெரபி திட்டத்தில் இலவசமாக சிபிடி கிடைக்கும். நீங்களே விண்ணப்பிக்கலாமா என்று உங்கள் பகுதிக் கிளையில் கேளுங்கள், இல்லாவிட்டால் டாக்டர் அனுப்புவார். ஹெல்த் கார்டு இன்னும் வராதவர்கள் கம்யூனிட்டி ஹெல்த் சென்டரை அணுகலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் உதவிச் சேவைகளைப் பற்றித் தகவல் தரும் 211-க்குப் போன் செய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கல்லூரி கவுன்சிலிங் இருக்கிறது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறை வெளியிட்ட "இன்சோம்னியா கோச்" ஆப்பும் இலவசம், தூக்கக் குறிப்பு எழுத நன்றாக உதவும். தூங்காத இரவில் உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றினால் எதற்கும் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 9-8-8-ஐ அழையுங்கள். எந்நேரமும் ஆள் இருப்பார்கள், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசலாம்.

ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பதிவு பெற்றவரிடம் கட்டி, இன்ஷூரன்ஸ் தராமல் விட்ட தொகையை வருமான வரிப் படிவத்தில் மருத்துவச் செலவாகக் காட்டலாம், படிவத்தில் லைன் 33099. அங்கேயும் அவர் பதிவு பெற்றவரா என்பதுதான் முக்கியம்.