ஒரு பைக்கை இழுக்க எந்த டிரெய்லர்? ஒன்டாரியோவில் முதன்முறை வாங்குபவர்களுக்கு

பைக் என்றால் ஓட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே, அதை எதற்கு இன்னொரு வண்டியில் ஏற்றி இழுக்க வேண்டும்? டொராண்டோ பக்கம் பைக் வைத்திருப்பவர்களுக்கு இதற்கான பதில் தெரியும். கிங்ஸ்டனில் விலைக்கு வரும் பழைய பைக்குக்கு நம்பர் பிளேட் இருக்காது. மொஸ்போர்ட் பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காகக் கண்ணாடியும் இண்டிகேட்டரும் கழற்றிய பைக்கை 401 நெடுஞ்சாலையில் கொண்டுபோக முடியாது. நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டனில் கேபட் டிரெயில் சாலையின் 298 கிலோமீட்டரை ஓட்ட ஆசை இருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை குடும்பம் காரில் வர வேண்டும்.

டிரெய்லர் தேடத் தொடங்கும் எல்லோரும் முதலில் டிரெய்லரின் படத்தையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். நான் சொல்வது, முதலில் உங்கள் காரைப் பாருங்கள். எந்த டிரெய்லர் வாங்கலாம் என்பதைப் பாதிக்கு மேல் கார்தான் தீர்மானிக்கிறது.

படி 1: காரின் கையேட்டைத் திறந்து மூன்று எண்களை எழுதுங்கள்

ஒன்று, கார் இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை. இரண்டு, ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட காரின் பின்னால் இருக்கும் இணைப்பு) மேல் இறங்கலாம் என்று அனுமதித்திருக்கும் பாரம். மூன்று, காருக்குள்ளேயே ஏற்றக்கூடிய மொத்தச் சுமை. ஒரே பெயரில் வரும் காருக்கே மாடலைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். 2019 முதல் 2025 வரை வந்த டொயோட்டா ரவ்4-இல் சாதாரண பெட்ரோல் மாடல்கள் 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோதான் இழுக்கும். ஹைப்ரிட் 794 கிலோ. சியன்னா வேன் 1,588 கிலோ. அதனால் நண்பர் சொன்னதையோ கடைக்காரர் சொன்னதையோ நம்ப வேண்டாம். உங்கள் காரின் ஆண்டுக்கும் மாடலுக்கும் உரிய கையேட்டில் இருப்பதுதான் கணக்கு.

ஹிட்ச் பெரிதாகப் போட்டுவிட்டால் இழுக்கும் திறன் கூடிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடுவதில்லை. கார், ஹிட்ச், அதன் மேல் இருக்கும் இரும்பு உருண்டையான பால், டிரெய்லர் என்ற நான்கில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

படி 2: கூட்டிப் பாருங்கள்

பைக்கின் எடையைப் பெட்ரோலோடு சேர்த்து எடுங்கள். அதோடு டிரெய்லரின் வெறும் எடை, ரேம்ப், பெட்டி, ஸ்ட்ராப் எல்லாவற்றையும் சேருங்கள்.

ஒரு உதாரணம். வாடகைக்குக் கிடைக்கும் யூ-ஹால் பைக் டிரெய்லர் காலியாகவே சுமார் 404 கிலோ. அதில் சென்னையில் தயாராகி இங்கே வரும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனை, சுமார் 200 கிலோ, ஏற்றினால் 604. சாமான்கள் ஒரு 20 கிலோ. மொத்தம் 624. பெட்ரோல் ரவ்4-இன் 680-க்குள் அடங்குகிறது. அதே டிரெய்லரில் 380 கிலோ அளவுள்ள ஹோண்டா கோல்ட் விங் டூரை ஏற்றினால் 784. ரவ்4-க்கு அது முடியாது, ஹைப்ரிட்டுக்கும் பத்தே கிலோதான் மிச்சம். சியன்னாவுக்கு அது பெரிய பாரமே இல்லை.

கோல்ட் விங்கை ரவ்4-இல் இழுத்தே ஆக வேண்டும் என்றால் 150, 200 கிலோவுக்குள் இருக்கும் இலகுவான அலுமினிய டிரெய்லர்தான் வழி. எல்லை வரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வைப்பது நல்லது. மேட்டில் ஏறும்போதும், பெரிய லாரி பக்கத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போதும் அந்த மிச்சம் கை கொடுக்கும். மேலே சொன்ன 624 கிலோவையே நான் நீண்ட தூரத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரெய்லரின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டையும் படியுங்கள். அதில் உள்ள மொத்த எடையில் இருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது.

படி 3: திறந்ததா, மூடியதா, மடக்குவதா

புதியவர்களுக்கு என் ஓட்டு திறந்த டிரெய்லருக்குத்தான். இலகுவானது, காற்று அதிகம் பிடிக்காது, பைக் எப்படி நிற்கிறது என்று பின்கண்ணாடியிலேயே தெரியும். மூடிய டிரெய்லர் மழைக்கும் திருட்டுக்கும் நல்லது. ஆனால் வெறும் பெட்டியே 450 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், அதன் நேர்ச்சுவர் காற்றோடு மல்லுக்கு நிற்கும். சிறிய எஸ்யூவிக்கு அது ஒத்து வராது.

மார்க்கம், ஸ்கார்பரோ டவுன்ஹவுஸ்களில் இருப்பவர்களுக்கு இடம்தான் தலைவலி. டிரைவ்வேயில் டிரெய்லரை நிறுத்தி வைக்க உங்கள் நகராட்சியும் வீட்டு நிர்வாகமும் விடுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். விடாது என்றால், கராஜ் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தக்கூடிய கென்டன் மாதிரியான மடக்கு டிரெய்லர்கள் இருக்கின்றன. விலை கூட, ஆனால் இடத்துக்கு வாடகை கொடுப்பதைவிட மேல்.

நீளத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஹிமாலயன் எட்டு அடித் தளத்தில் அடங்கும். கோல்ட் விங் டூர் இரண்டரை மீட்டரைத் தாண்டும், எட்டு அடியில் பின்கதவு மூடாது. தரையோடு தாழ்ந்து இறங்கும் தளம் கிடைத்தால், கனமான பைக் வைத்திருப்பவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை எடுக்கலாம். செங்குத்தான ரேம்ப்பில் தனியாக 380 கிலோவை ஏற்றும்போது கால் ஊன்ற இடம் கிடைக்காது, பைக் சாய்வது அங்கேதான்.

இங்கே குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு. பெயின்ட் அடித்த இரும்பைவிட, துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ்டு சட்டமோ அலுமினியமோ நீண்ட நாள் வரும்.

படி 4: சக்கரம்

விலை மலிவான டிரெய்லர்களில் எட்டு அங்குல ரிம் இருக்கும். அதன் டயர் பதின்மூன்று அங்குல ரிம் டயரைவிட அதே தூரத்துக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகமாகச் சுற்றுகிறது. பேரிங்கும் கூடுதலாகச் சூடாகும். ஊருக்குள் சுற்றுவதற்கு எட்டு போதும். 401-இல் மணிக்கணக்கில் போவதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எடுங்கள். டயர் மேல் டிரெய்லர் டயர் என்பதற்கான எஸ்டி (ST) குறி இருக்கிறதா, எந்த வேகம் வரை தாங்கும் என்று பாருங்கள். வேகக் குறி இல்லாத பழைய எஸ்டி டயர்களை மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது.

டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலில் விரிசல் விட்டுவிடும். ஆறு வருடம் தாண்டியதென்றால், டயரின் மேல்பூ தேயாமல் அப்படியே இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்பேர் டயர் இல்லாத டிரெய்லரை வாங்கினால் அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

படி 5: ஹிட்ச், பால், ஒயர்

சிறிய டிரெய்லர்களில் 1 7/8 அங்குல பால் அல்லது 2 அங்குல பால் வரும். அளவு, டிரெய்லரின் நுனியில் பால் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும் கப்ளரிலேயே பொறித்திருக்கும். 2 அங்குல கப்ளர் 1 7/8 பால் மேலும் உட்கார்ந்து பூட்டிக்கொள்வது போலத்தான் தெரியும், முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். பூட்டியதும் டிரெய்லரின் முன்ஜாக்கைச் சுற்றி உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். பாலைத் தவிர இன்னொரு தனிப் பிணைப்பும் இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம்.

நான்கு முனை ஒயரில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. விளக்குகள் மாறி மாறிக் கிறுக்குத்தனமாக எரிந்தால் முதலில் வெள்ளை ஒயர் சட்டத்தில் சேரும் இடத்தில் உள்ள துருவைச் சுரண்டுங்கள்.

படி 6: பைக்கை எங்கே நிறுத்துவது

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 முதல் 90. குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கூடினால் காரின் முன்சக்கரம் இலகுவாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். கையேட்டில் 68 கிலோதான் அனுமதி என்றால் 60-ஐ ஒட்டியே வைக்க வேண்டும். வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசை மரக்கட்டை மேல் வைத்து, ஹிட்ச் உயரத்தில் கப்ளரை அதன் மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். கூடவோ குறையவோ இருந்தால், பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வீல் சாக்கை முன்னோ பின்னோ நகர்த்தி போல்ட் போடுங்கள். அதனால்தான் நகர்த்தக்கூடிய வீல் சாக் இருக்கும் டிரெய்லராகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

ஸ்ட்ராப் நான்கு வேண்டும். முன்னால் இரண்டையும் ஹேண்டில்பார் நுனியில் கட்டாமல், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்க் கிளாம்பில் துணி வளையம் போட்டுக் கட்டுங்கள். இரு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள், ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். சைடு ஸ்டாண்டை மடக்கி, கியரில் போட்டுவிடுங்கள். ஸ்ட்ராப் மாட்டத் தளத்தில் பற்றவைத்த வளையங்கள் இல்லாத டிரெய்லர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

படி 7: காகிதம்

சர்வீஸ் ஒன்டாரியோ அரசு அலுவலகத்தில் டிரெய்லரைப் பதிவு செய்து பிளேட் வாங்க வேண்டும். ஒருமுறை கட்டினால் போதும், வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் டிரெய்லருக்கே பிரேக் கட்டாயம். ஒரு பைக்குக்கு அந்த எடை வராது, ஆனால் கார் கையேடு அதற்குக் குறைவான எடையிலேயே பிரேக் கேட்கலாம். டிரெய்லருக்கும் அதில் ஏற்றிய பைக்குக்கும் ஏற்படும் சேதத்தை உங்கள் இன்சூரன்ஸ் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 8: முதலில் வாடகைக்கு, அப்புறம் பழையது

வருடத்துக்கு ஓரிரு முறைதான் தேவை என்றால் வாடகையே போதும். வாங்குவதாக இருந்தாலும் ஒருமுறை வாடகைக்கு எடுத்து இழுத்துப் பாருங்கள், உங்கள் காருக்கு எவ்வளவு பாரம் சுகம் என்று தெரியும்.

பழையதைப் பார்க்கப் போகும்போது ஒரு ஜாக் கொண்டுபோங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சுற்றிவிட்டால் கரகரப்பு கேட்கக் கூடாது. கப்ளரைத் தாங்கும் முன்நீட்டல் சட்டத்தோடு சேரும் வெல்டிங்கில் முடி அளவு விரிசல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். பேரிங் மாற்றிக்கொள்ளலாம், அந்த விரிசலோடு பேரம் பேசாதீர்கள்.

வாங்கியதும் காலியான பார்க்கிங்கில் ரிவர்ஸ் பழகுங்கள். குட்டை டிரெய்லர் நீளமானதைவிட வேகமாக மடங்கும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மடங்கத் தொடங்கினால் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். முதல் பயணத்தில் இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி ஸ்ட்ராப்பை இறுக்கி, இரண்டு சக்கர நடுவிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பேரிங்கைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.